பெயராசை இல்லாத ஒரு வண்டும் நானும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பெயருக்கு ஆசைப்படாத உயிர்கள் இரண்டே இரண்டு. ஒன்று, தாமல் ஏரியில் பல லட்சம் ஆண்டுகளாகப் பெயரில்லாமலே நீந்திக்கொண்டிருந்த ஒரு வண்டு. மற்றொன்று நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்வதற்கு வேறு ஆள் கிடைக்காததால் நானே சொல்கிறேன்.

மற்றவர்கள் நிலை பரிதாபம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர், மனைவி பெயர், கடைப் பெயர், 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' எல்லாம் எழுதியதுபோக மிச்சமிருக்கும் இடத்தில் வெளிச்சம் வருகிறது. ஒரு சர்ச்சில் பெஞ்சின் முதுகில் பெயர் பொறித்திருப்பதால், சாய்ந்து உட்கார்ந்தவர்களைக் கொஞ்சம் நிமிரச் சொல்கிறார்கள். எங்கள் மொய்னுதீன் மாமா பள்ளிவாசலுக்கு மின்விசிறி கொடுத்தார். மூன்று இறக்கையிலும் பெயர். சுற்றினால் படிக்க முடியவில்லை என்று மே மாதத்து வெள்ளிக்கிழமையில் அதை நிறுத்தி வைத்தார். தொழ வந்தவர்கள் அத்தனை பேரும் வியர்த்தார்கள். பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அன்றே முடிவு செய்தேன்: இம்தியாஸ் என்ற பெயர் எதன்மீதும் ஏறாது. வருகைப் பதிவேட்டில்கூட அது ஏறுவதில்லை என்பதை என் பேராசிரியர்கள் உறுதி செய்வார்கள்.

இனி வண்டுக்கு வருவோம். கிரேஸ் அக்கா எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. பல வருடங்களாக நீர்வண்டுகளோடு குடித்தனம் நடத்துபவர். அவர் தாமல் ஏரிக்கு வலையோடு போனபோது நானும் உடன் சென்று, வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தக் கண்டுபிடிப்பில் டிபன் பாக்ஸைத் தூக்கினேன். வலையில் ஒரே ஒரு ஆண் வண்டு விழுந்தது. எள்ளைவிடச் சற்றுப் பெரியது. பழுப்பு நிறம்.

"புதுசாக்கா?"

"வெளியில பாத்தா சொல்ல முடியாதுபா. இன்னொரு இனமும் அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். உள்ள பாக்கணும்."

உள்ளே என்றால் வயிற்றின் நுனிக்குள். வண்டுலகில் ஆதார் அட்டை என்பது ஆணின் இனப்பெருக்க உறுப்புதான். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசிமுனையால் அதை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். நுனி கொக்கிபோல இடப்பக்கம் வளைந்திருந்தது. அறிவியலுக்குத் தெரிந்த எந்த வண்டுக்கும் அப்படி வளைந்ததில்லை. அக்கா அழுதார்.

"இன்னாக்கா, போச்சா?"

"சந்தோஷம்டா. அந்தப் பக்கம் திரும்பு."

பிறகு உட்கார்ந்து விவரணை எழுதினார். 'உடல் நீள்வட்டம், பழுப்பு. உணர்கொம்பில் பதினோரு கணுக்கள். சிறகுறைமேல் வரிசையாக நுண்குழிகள். ஆணுறுப்பின் நுனி கொக்கிபோல் இடப்பக்கம் வளைந்தது.' இந்தக் கட்டுரை அந்த மாதத்துக்குள் ஆய்விதழுக்குப் போகாவிட்டால் அக்காவின் பிஎச்.டி. பதிவு காலாவதி. இத்தனை வருட உழைப்பும் ஏரியோடு போகும். கட்டுரை போக வேண்டுமானால் கல்லூரித் தாளாளர் தினகரன் கையெழுத்துப் போட வேண்டும்.

எனவே 'பெயர்சூட்டு உயர்மட்ட ஆலோசனைக் குழு' கூடியது. வடை வந்தது, அதைப் பரிமாற நானும் வந்தேன். வண்டு அழைக்கப்படவில்லை, அது இருந்தால் விவாதம் திசைதிரும்பும் என்று கருதப்பட்டது.

துறைத்தலைவர் வரதராஜன் தொடங்கினார். "எனக்குப் பேர் ஆசையே கிடையாது. ஆனா பசங்க ஆசைப்பட்டு என் பேரை வச்சா, அதைத் தடுக்கிற கெட்ட மனசும் எனக்கு இல்ல."

"உங்களுது பெருமாள் பேரு சார், ஊர் பூரா இருக்குது," என்றார் தாளாளர். "எங்கப்பா பேர் வச்சிரும்மா. காலேஜ் ஆர்ச்சுல இருக்குது, பஸ்ல இருக்குது, தண்ணித்தொட்டில இருக்குது. பூச்சில மட்டும்தான் இல்ல."

"சார், நான் ஏரி பேரை வைக்கலாம்னு..."

"ஏரி வந்து கையெழுத்துப் போடுமாம்மா?"

தாளாளர் விவரணையைப் புரட்டினார். "பழுப்புன்னு போட்டுக்கினு இருக்கிற. அரக்குன்னு போடு. ஜரிகை பார்டர்னு ஒரு வரி சேத்துக்க. நம்ம ஊர் வண்டாச்சே."

"பார்டர் இல்ல சார்."

"இல்லன்னா போட்டுக் குடுக்க நம்ம ஊர்ல தறியா இல்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். பெயராசையின் கொடுமையிலிருந்து அறிவியலைக் காக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததை உணர்ந்தேன்.

"சார், பேருக்குப் பக்கத்துலயே பெருசா படம் போடுவாங்க சார்," என்றேன்.

தாளாளர் முகம் மலர்ந்தது. "அப்பா படமா?"

"வண்டு படம் சார். அக்கா, காட்டுங்க."

அக்கா லேப்டாப்பைத் திருப்பினார். திரை முழுக்க ஒரே ஒரு உறுப்பு. தாளாளர் வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னாம்மா, மீன் புடிக்கிற கொக்கியா?"

"ஆணுறுப்பு சார். இதை வச்சுத்தான் இந்த இனத்தை அடையாளம் கண்டுபிடிப்பாங்க."

நான் பணிவோடு சேர்த்துக்கொண்டேன். "எந்த நாட்டுல எவன் பாத்தாலும் சார், இது இப்படி வளைஞ்சிருந்தா போதும், உங்கப்பா பேரைத்தான் சொல்லுவான்."

தாளாளர் கடித்த வடையைத் தட்டில் வைத்தார்.

"இதை எடுத்துட்டு எழுது. கால் இருக்குதில்ல, அதைப் பத்தி நல்லதா நாலு வரி எழுது."

"கால் எல்லா வண்டுக்கும் இருக்குது சார்," என்றார் அக்கா. "இதை எடுத்துட்டா இது புது இனமே இல்ல."

தாளாளர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்கப்பா ரொம்ப எளிமையானவரும்மா. இந்த விளம்பரமெல்லாம் அவருக்குப் புடிக்காது. வரதராஜன் சார் பேரையே வச்சிரு."

"ஐயையோ, பெருமாள் பேர் சார்!" துறைத்தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கெமிஸ்ட்ரி ராமராஜன் வேணா ரொம்ப நாளா ஆசைப்பட்டுக்கினு இருக்காரு."

ராமராஜன் அன்று விடுப்பில் இருந்தார். ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கத் துறவிகளால் நிரம்பிவிட்டது. கையெழுத்து விழுந்தது. ஏரியின் பெயரே வண்டுக்கு அமைந்தது: 'தாமலென்சிஸ்'. கட்டுரை அன்று மாலையே போனது. அக்கா பிழைத்தார்.

வண்டை அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் நாள் வந்தது. உலகத்தில் இருப்பது அந்த ஒன்றுதான். இனி யார் எந்த வண்டைப் பிடித்தாலும் இதனோடுதான் ஒப்பிட வேண்டும். நகம் அளவு அட்டையில், நடுவில் அதை ஒட்டியிருந்தார் அக்கா.

"இம்தி, நான் டப்பா வாங்கினு வரேன். கீழ குத்துற லேபிள்ல ஊர், தேதி, புடிச்சவங்க பேரு எழுதி வை. எனக்கு இனிஷியல் போதும்பா. பொடியா எழுது. வண்டத் தொடாத."

எழுதினேன். பிறகு யோசித்தேன். எதிர்கால அறிஞர்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா? டிபன் பாக்ஸ் இல்லாமல் மதியம் வரை ஏரியில் யாரால் நிற்க முடியும்? இது ஆசை அல்ல, ஆவணப்படுத்தல்.

லேபிளில் இடமில்லை. வண்டு ஒட்டியிருந்த அட்டையில்தான் கொஞ்சம் வெள்ளை இருந்தது. 'உடன் சென்றவர்: எஸ். இம்தியாஸ், எம்.எஸ்ஸி.' என்று தொடங்கினேன். காற்றில் அட்டை ஆடியது. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினேன்.

'தியா' வரும்போது வண்டு குறுக்கே நின்றது. ஈரத் தூரிகையால் பசையை இளக்கி, அதை ஓரமாகச் சற்றே நகர்த்தி ஒட்டினேன். பெயர் பளிச்சென்று தெரிந்தது.

நகர்த்தியதில் ஒரு கால் மட்டும் உதிர்ந்துவிட்டது. அதனாலென்ன? கால் எல்லா வண்டுக்கும்தான் இருக்கிறது.