மடிப்புக் கலையாத பனியன்

என் கொக்குத் தம்பிக்கு,

அக்காள் காசியம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், என் மகள் வெண்மதி, சினைப்பசு எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு என்ன, நீ போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. ஆனாலும் கடிதம் என்றால் சுகம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

விஷயம் இதுதான். வெண்மதியைக் கூடைப்பந்திலிருந்து நிறுத்தப்போகிறேன். நாளை மேட்சுக்கே அனுப்பமாட்டேன். நீ சேர்த்துவிட்ட பிள்ளை, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தினால் எனக்குச் சோறு இறங்காது.

உன் இடத்தில் இப்போது கோச்சாக இருப்பது உன்னிடம் ஆடப் பழகிய ஜெமிமாதான். நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன். தினமும் விடிவதற்குள் நெரவியிலிருந்து காரைக்காலுக்கு பஸ்ஸில் வரச்சொல்கிறாள், ஓடவிடுகிறாள், இடது கையாலேயே பந்து தட்டவிடுகிறாள், அந்தப் பழக்கத்தில் இவள் வீட்டிலும் இடது கையால் சாம்பார் ஊற்றி அது உன் அத்தான் வேட்டியில் போய் இறங்கியது, இவ்வளவும் செய்துவிட்டு மேட்ச் அன்றைக்குப் பெஞ்சில் உட்காரவைக்கிறாள். போன ஞாயிறு நான் பெருமைக்கு ஒரு குட்டியானை வண்டி பிடித்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு, தெருவையே ஏற்றிப்போனேன். பாதி ஆட்டத்தில் தையல்நாயகி சித்தி, "எங்கடி உன் மவ? ஆடுறதுல காணோமே" என்றாள்.

"அந்தா, தண்ணி பாட்டில் குடுக்குதே, அதான்."

"ஏண்டி, இதுக்கா வண்டி புடிச்ச? தண்ணி நம்ம வீட்டுலயே குடுக்குமே!"

வண்டிச் சனம் மொத்தமும் சிரித்தது. கடைசியில் ஆறே நிமிஷம் இறக்கினாள். அந்த நேரம் பார்த்து நான் குனிந்து புளிச்சோறு வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் பிள்ளை பெஞ்சுக்குத் திரும்பிவிட்டது.

வீட்டில் துவைக்க எடுத்தால் பனியனில் போட்ட மடிப்புகூடக் கலையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் பனியனைத் துவைத்த கை அல்லவா இது. ஞாயிறு தவறாமல் செம்மண்ணும் நீயுமாக வந்து நிற்பாய். "முழு மேட்சும் நாந்தாங்க்கா ஆடுனேன்" என்பாய். மண்ணெல்லாம் முதுகில்தான் அப்பியிருக்கும், அந்தப் பக்கத்தைத்தான் கல்லில் போட்டு அடி அடியென்று அடிப்பேன். அடித்துக்கொண்டே, வாய்க்காலில் குளிக்க வந்தவர்களிடமெல்லாம், "எந் தம்பி இல்லாம ஆட்டமே இல்ல" என்று பீற்றிக்கொள்வேன்.

இன்று காலை மைதானத்துக்கே போய்விட்டேன். "எம் புள்ளைய தண்ணி சுமக்கவா அனுப்புறேன்?" என்று கத்தினேன்.

ஜெமிமா கோபப்படவில்லை. "அக்கா, அவளுக்குப் பதிமூணு வயசு. முட்டி இன்னும் வளர்ற முட்டி. இப்ப ஆறு நிமிஷம் நல்லா ஆடுறா. அடுத்த மாசம் எட்டாக்குவேன்."

"மிச்ச நேரம்?"

"உக்காந்து பாக்கணும்க்கா. எதிர்ல ஒருத்தி எந்தப் பக்கம் திரும்புறா, எப்ப களைச்சுப்போறான்னு எங்கிட்ட சொல்லணும். சரியா சொல்றவளத்தான் இறக்குவேன். முருகானந்தம் சார் வழி இது."

"எந் தம்பி ஒரு நாள்கூட பெஞ்சுல உக்காந்தவன் இல்ல, தெரிஞ்சிக்க!"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சாரே எங்ககிட்ட சொல்லிருக்காருக்கா. அவரு ஆட வந்த மொத வருஷம் ஒரு மேட்சுலகூட அவர எறக்கலையாம்."

நான் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். எது எப்படியோ, முடிவு முடிவுதான். வெண்மதி நாளை போகமாட்டாள்.

அத்தான் உன்னை விசாரித்தார். போன இடத்தில் வாசல் உயரம் எப்படியோ, தலை இடிக்காமல் குனிந்து போ, ராசா.

இப்படிக்கு,
அக்காள் காசியம்மா

பின்குறிப்பு: வெண்மதி நாளை போகிறாள். நானும் போகிறேன், வண்டியும் வேண்டாம், புளிச்சோறும் வேண்டாம். பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தில் ஒருத்தியைக் கவனித்துச் சொல்கிறேன் என்று ஜெமிமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பனியனை இப்போதுதான் மடித்து வைத்தேன். மடிக்கும்போது ஒன்று தோன்றியது. மொத வருஷம் பூரா நீ பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாய் என்றால், உன் பனியன் முதுகில் அவ்வளவு மண் எப்படிடா வந்தது?