கருணைபுரியின் ஆயிரம் சன்னல்கள்

கடல் ஒருபுறமும் குன்று மறுபுறமுமாக அமைந்த கருணைபுரி என்ற நாட்டை இரக்கம் மிகுந்த மன்னர் ஒருவர் ஆண்டுவந்தார். முதியவர்களும் உடல் இயலாதவர்களும் உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் அலைகிறார்கள் எனக் கேள்விப்பட்ட அன்று அவர் கண் கலங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டதும், அவர்களுக்காக ஒரு மாளிகை கட்ட ஆணையிட்டார்.

மூன்றாண்டுகளில் வழிகாட்டி மாளிகை எழுந்து நின்றது. ஏழு அடுக்கு, ஆயிரம் சன்னல். சன்னலுக்கு ஒருவராக, தலைப்பாகை அணிந்த ஆயிரம் அதிகாரிகள். வெயில் ஏறினால் அதன் வெண்சுவர் நடுக்கடலில் இருக்கும் ஓடக்காரர்களின் கண்ணைக்கூடக் கூசவைக்கும்.

உதவி கேட்டு அங்கே முதன்முதலாக வந்தாள் சிலம்பாயி. நாற்பது தெருக்களில் முப்பது ஆண்டுகள் உப்பு விற்றவள் அவள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவன் மாசாணன் தள்ளிவந்த சக்கரப் பலகையில் அமர்ந்தபடி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள்.

"இம்புட்டும் நமக்காகவா கட்டியிருக்காக?"

"நமக்குத்தான் புள்ள. ஆயிரத்துல ஒரு சன்னலாவது நமக்கு வழி சொல்லாமலா போயிரும்?"

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஜோடிக் கை. காலையில் பாயிலிருந்து தூக்கி உட்கார வைக்க வேண்டும், பொழுது சாயும்போது இறக்கிப் படுக்கவைக்க வேண்டும். அதுவரை மாசாணன்தான் தூக்கினான். அவனுக்கு எழுபது நெருங்கிவிட்டது. போன மாதம் ஒரு காலையில் முதுகு பிடித்துக்கொள்ள, இருவருமாக விழுந்தார்கள். அடிபட்டது அவளுக்கு. அழுதது அவன்.

முதல் சன்னலில் இருந்தவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"அம்மையே, உதவி கிடைக்கும் இடத்தை எந்தச் சன்னலில் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே இங்கு அறிவிப்போம். தாங்கள் செல்ல வேண்டியது முந்நூற்றுப் பன்னிரண்டாம் சன்னல்."

முந்நூற்றுப் பன்னிரண்டு எழுநூற்று நாற்பதுக்கு அனுப்பியது. எழுநூற்று நாற்பதில் இருந்தவர் பெரிய சுவடி ஒன்றை நெடுநேரம் புரட்டிவிட்டு, முதல் சன்னலுக்குப் போகச் சொன்னார். ஒருவர் முகத்திலும் சிடுசிடுப்பு இல்லை. ஒருவர் சொல்லிலும் தடுமாற்றம் இல்லை. சிலம்பாயிக்கு அதுவும் வியப்பாகத்தான் இருந்தது.

பிறகு ஆணைகள் வரத் தொடங்கின. மாளிகையின் தலைமை வழிகாட்டி பேரருள்மணி முற்றத்தில் நின்று முரசு அறைவித்தார். சக்கரப் பலகைகள் பளிங்குத் தரையில் கோடு போடுகின்றன. ஆகவே மாளிகைக்கு ஏறும் சரிவுப் பாதை பெயர்க்கப்பட்டு அறுபது படிகள் அமைக்கப்படும். அதற்கு 'மக்கள் ஏற்றத் திட்டம்' என்று பெயர். அதன்பின் சிலம்பாயி படிகளின் அடியிலேயே இருந்துவிட்டாள். மாசாணன் மட்டும் மூச்சிரைக்க ஏறிப் போனான். உதவி வேண்டுபவர் நேரில் வர வேண்டும் என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த ஆணை இன்னும் கனிவானது. ஆறு மாதத்தில் வழி கிடைக்காதவர்கள் வழிதவறியவர்களாகக் கருதப்பட்டு, குன்றின் மேலுள்ள அமைதிக்கோட்டையில் வைத்துக் காக்கப்படுவார்கள். கோட்டையில் மூன்று வேளைச் சோறு உண்டு, மெத்தை உண்டு. அங்கே போனவர்கள் தங்கள் தெருவுக்குத் திரும்பியதுதான் இல்லை.

சிலம்பாயிக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. மாசாணன் சோறு இறங்காமல் இளைத்துப் போனான்.

படியடியில் தினமும் அவளுக்குப் பக்கத்தில் அமர்பவன் எழிலன். பார்வையில்லாதவன், கயிறு திரிக்கிற தொழிலாளி. ஒரு நண்பகலில், சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"உனக்கு என்ன தம்பி வேணும்?"

"அரிசியில கல்லு பொறுக்க ஒரு ஆளு வேணும்க்கா. பொஞ்சாதி போனதுலேருந்து கல்லோடதான் திங்கேன். ரெண்டு பல்லு போச்சு. எனக்குக் கெடு இன்னும் பத்தே நாளுதான்."

சிலம்பாயி அவன் தோள்களைப் பார்த்தாள். கயிறு முறுக்கி உரமேறிய தோள்கள்.

"வீடு எங்க?"

"ஓடக்காரத் தெரு. கிணத்துக்கு எதுத்த வீடு."

"அட கிறுக்குப் பயலே! நான் உனக்குப் பின் தெருதான். உன் பொஞ்சாதிக்கு எத்தனை வருசம் உப்பளந்திருக்கேன்!"

மறுநாள் காலை சுவரைத் தடவிக்கொண்டே எழிலன் வந்தான். எங்கே கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று மாசாணன் சொல்லிக்கொடுத்தான். ஒரு சுருள் கயிற்றைத் தூக்குவதுபோல அவளைத் தூக்கிப் பலகையில் வைத்தான் எழிலன். ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக வேலையற்றுப் போன தன் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான் மாசாணன். சிலம்பாயி முறத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கல் பொறுக்கப் பொறுக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயிரம் சன்னலிலும் தேடியது அடுத்த தெருவில் இருந்திருக்கிறது. அப்படியானால் படியடியில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கு?

அன்றிலிருந்து அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். என்ன வேண்டும், என்ன முடியும், வீடு எங்கே. நாற்பது தெருவும் அவள் தலைக்குள் இருந்தன. கைநடுங்கும் பழைய வாத்தியார் ஒருவர், தன் பெயரையே மறந்துவிட்ட ஒரு பெண்மணியுடன் பிற்பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கப் போனார். உடம்பு நன்றாக இருப்பவர்களிடமும் சொல்லியனுப்பினாள். வண்ணாரத் தெருப் பெண்கள் நான்கு பேர் முறைவைத்துக்கொண்டு, படுக்கையில் கிடந்தவர்களைக் குளிப்பாட்ட வந்தார்கள். "எங்களை யாரும் கேக்கலையே ஆத்தா. கேட்டிருந்தா வந்திருப்போமே" என்றாள் அவர்களில் ஒருத்தி.

அடுத்த பௌர்ணமிக்குக் கோட்டை வண்டி வந்தது. படியடியில் ஏற்றிப்போக ஆளில்லாமல் திரும்பியது.

வெறிச்சோடிய முற்றத்தைக் கண்ட பேரருள்மணி முதலில் பதறினார். பிறகு யோசித்தார். பிறகு மன்னருக்கு ஓலை எழுதினார்: "நாட்டில் உதவி தேடுவோர் எவருமிலர். மாளிகை வென்றது." மன்னர் மறுபடி கண் கலங்கினார். அதிசயத்தைக் காண அண்டை நாட்டு அரசரை அழைத்தார்.

அப்போதுதான் ஒரு சிக்கல் முளைத்தது. நான்கு பேர் தூக்கிய அரச பல்லக்குடன் பேரருள்மணியே சிலம்பாயியின் வாசலுக்கு வந்தார்.

"அம்மையே, விருந்தினர் காணும்படி முற்றத்தில் இயலாதவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். நாளை ஒருநாள் மட்டும் தாங்கள் உதவியற்றவராக எழுந்தருள வேண்டுகிறோம்."

சிலம்பாயி முறத்திலிருந்து நிமிர்ந்தாள். ஒரு ஜோடிக் கை கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவள் வீட்டு வாசலில் நான்கு ஜோடிக் கைகள் நின்றன.

"வாரேன் ஐயா. பல்லக்கையும் ஆளுகளையும் மட்டும் இன்னைக்கே விட்டுட்டுப் போங்க. பழகிக்கிறேன்."

அவர் மகிழ்ந்து விடைபெற்றதும், தூக்குபவர்களில் மூத்தவன் அவளருகே குனிந்தான்.

"ஆத்தா, எங்கய்யா கோட்டையில இருக்காரு. போயி ரெண்டு மாசமாச்சு. அவரு வீட்டுக்கு வந்தா, நான் பல்லக்கு தூக்கப் போற நேரத்துல பாத்துக்க யாராச்சும் இருக்காகளா?"

"மேலத் தெருதான நீ? பக்கத்து வீட்டுச் செம்பகம் பகல் பூரா சும்மாத்தான் இருக்கா. நான் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவரை மட்டும் ஏன்யா கூட்டியாரணும்?"

மறுநாள் காலை எழிலன் அவளைத் தூக்கிப் பல்லக்கில் வைத்தான். பல்லக்கு மாளிகைக்குத் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் நேரே குன்றின் மேல் ஏறியது. பின்னால் மாசாணனும் எழிலனும், வண்ணாரத் தெருப் பெண்களும், நாற்பது தெருச் சனமும் கைவண்டி, கட்டில், தூளி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அரச பல்லக்கைக் கண்ட கோட்டைக் காவலர்கள் தரையைத் தொட்டு வணங்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு. சிலம்பாயி ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, "நீங்க குயவர் தெரு. நீங்க சங்குத் தெரு, மூணாவது வீடு" என்று சொல்லச் சொல்ல, அந்தந்தத் தெருக்காரர்கள் முன்வந்து தாங்கிக்கொண்டார்கள். முந்நூறு பேர். பல்லக்குக்காரன் தன் தகப்பனைத் தோளில் சுமந்து இறங்கினான். மாசாணனின் கன்னம் நனைந்திருந்தது. சிலம்பாயி குன்றுப் பாதை நிறைய இறங்கும் சனத்தைப் பார்த்தபடி இருந்தாள். வாழ்நாளில் அவள் இத்தனை பெரிய ஒன்றைக் கண்டதில்லை.

அதே நேரத்தில் மாளிகையின் ஏழாம் அடுக்கில் நின்ற அண்டை நாட்டு அரசர் தலையிலிருந்த மகுடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அதோ, குன்றிலிருந்து இறங்குகிறார்களே... அது என்ன?"

பேரருள்மணி எட்டிப் பார்த்தார். ஒரு கணம்தான் திகைத்தார்.

"அதுவும் எங்கள் திட்டம்தான், அரசே."

அண்டை நாட்டு அரசர் அன்று மாலையே தம் நாட்டுக்கு ஆளனுப்பினார், இரண்டாயிரம் சன்னல்களுக்கு அடிக்கல் நாட்டச் சொல்லி.