தேவாங்கு எழுதாத துயரக் கட்டுரை

ஒரு காட்டில் நடந்ததாக இதை எனக்குச் சொன்னவர் அந்தக் காட்டுக்குப் போனவர் இல்லை. அவருக்கு யாரோ சொன்னதைத்தான் சொன்னார். சொல்லும்போது இரண்டு இடங்களில் சிரித்தார். அந்த இரண்டு இடமும் எனக்குச் சிரிப்பாகப் படவில்லை. மற்றபடி கேட்டதைக் கேட்டபடியே தருகிறேன்.

அந்தக் காட்டில் பேச்சி என்றொரு தேவாங்கு இருந்தாள். குச்சி குச்சியாகக் கை கால், முகத்தில் பாதிக்கும் மேல் கண். அவள் இனத்தில் பட்டப்படிப்பு முடித்த முதல் ஆள் அவள்தான். காட்டுக் கல்லூரியில் வகுப்பெல்லாம் பகலில். தேவாங்குகளோ பகலில் உறங்கும் இனம். படித்த காலம் முழுக்கப் பேச்சி கடைசி வரிசைக் கிளையைப் பிடித்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் பாடம் கேட்டு, முதல் வகுப்பில் தேறினாள். இதை அவள் ஒரு சாதனையாக நினைத்ததே இல்லை. தேவாங்காகப் பிறந்தால் அப்படித்தான், வேறு எப்படி?

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. எறும்புகளை ஆராய வேண்டும். இரை தேடி அத்தனை தூரம் போன எறும்பு, அமாவாசை இருட்டிலும் வழி தவறாமல் புற்றுக்குத் திரும்பிவிடுகிறதே, எப்படி? எறும்பைப் பிடித்ததும் இதை ஒரு கணம் யோசிக்கிற தேவாங்கு அந்தக் காட்டில் அவள் ஒருத்திதான். யோசித்துவிட்டுத் தின்றுவிடுவாள், அது வேறு விஷயம்.

எறும்பை முறையாக ஆராய்வதற்கு ஆற்றங்கரையில் இருந்த உயர் ஆய்வுக் கழகத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணை எழுத ஒரு மூலையில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். மீதி முழுக்க ஒரே கேள்வி: “நீங்கள் மற்ற விலங்குகளிலிருந்து எவ்வாறு வேறுபட்டவர்? அதனால் என்னென்ன துயரங்களை அடைந்தீர்கள்? மனம் உருகும்படி எழுதுக.”

இந்தக் கேள்வி வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. தேர்வுக் குழுவின் தலைவர் முதலை அம்மையார். முன்பெல்லாம் கழகத்தில் இடம் கிடைக்க அவருக்கு உறவாக இருக்க வேண்டும். அது அநியாயம் என்று காடே கூச்சல் போட்டதால் நியாயமான ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். விண்ணப்பக் கட்டுரையைக் குழுவில் இருந்த கொக்கு சார் உரக்கப் படிப்பார். அம்மையாரின் கண்ணுக்குக் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பிடிப்பார்கள். சிரட்டை பாதி நிறைந்தால் இடம். முழுதும் நிறைந்தால் இடத்தோடு உதவித்தொகை. இவ்வளவு வெளிப்படையான முறை வேறெந்தக் காட்டிலும் இல்லை என்று கழகத்தின் கையேட்டில் கழகமே போட்டிருந்தது.

பேச்சி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள்.

“அம்மா, நம்ம கஷ்டத்தை எழுதித் தரச் சொல்றாங்க.”

“யாருடி அது? எதுக்காம்?”

“படிக்க இடம் தர்றதுக்கு.”

அம்மாவுக்குக் கோபம் வந்தது. “கஷ்டத்தை எதுக்குடி வெளியில சொல்லணும்? நாளைக்கு உன்னைப் பொண்ணு பார்க்க வர்றவங்க காதுல விழுந்தா? வீட்ல எல்லாரும் சௌக்கியம், ஒரு குறையும் இல்லைன்னு எழுது. பசிச்சாலும் ஏப்பம் விட்டுட்டு வெளிய போற குடும்பம்டி நம்ம குடும்பம்.”

சிறு வயதிலிருந்து பேச்சி கற்ற ஒரே குடும்பப் பாடம் இதுதான். இதில் அவள் எப்போதும் நூற்றுக்கு நூறு. அதனால்தான் கட்டுரையின் முதல் வரியே ஓடவில்லை. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் மைனா அக்காவைப் பார்க்கப் போனாள்.

மைனா அக்கா விண்ணப்ப ஆலோசகர். போன வருடம் ஒரு முயலுக்கு ‘நீண்ட காதுகளின் பாரம்’ என்று எழுதிக் கொடுத்து இடம் வாங்கித் தந்தவள். அதற்கு முந்தைய வருடம் ஓர் அணிலுக்கு ‘கோடுகளோடு பிறந்தவள்’.

“எங்கே, கண்ணை நல்லாத் திற,” என்றாள் மைனா. “அடி ஆத்தீ! இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா கவலைப்படறே? பாதி வேலை முடிஞ்சுது புள்ள.”

“பொறந்ததுலேருந்தே கண்ணு இப்படித்தான்க்கா. சந்தோஷமா இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.”

“அதை யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே. சரி, என்ன கஷ்டப்பட்டே? சொல்லு.”

“ஒண்ணும் இல்லக்கா.”

“காலேஜுக்கு எப்படிப் போயிட்டு வந்தே?”

“எங்களுக்குத் தாவ வராதுல்ல? கை எட்டுற கிளையாப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் போவோம். நடுவுல மரத்தை வெட்டி ரோடு போட்டுட்டாங்க. அதனால கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் மறுபடி ஏறுவேன்.”

“வண்டி வருமே!”

“வரும். எங்க அண்ணன் அதுலதான்...” என்று சொல்லிப் பேச்சி நிறுத்திக்கொண்டாள்.

மைனா பதறிப்போய் இரண்டு சிறகாலும் அவளை அணைத்துக்கொண்டாள். “ஐயோ, என் ராசாத்தி!” என்று நிஜமாகவே கண் கலங்கினாள். அணைத்த சிறகை எடுக்காமலே அடுத்துக் கேட்டாள்: “இதை முதல் பத்தியில வைக்கலாமா, கடைசியிலயா? கடைசிதான். அப்பத்தான் சிரட்டை வழியும்.”

பேச்சியின் அண்ணன் பெயர் மாசானம். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவன். தங்கை கல்லூரிக்குப் போகும்போது முதலில் அவன் சாலையைத் தாண்டுவான். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து கையைத் தூக்கினால்தான் இவள் இறங்க வேண்டும். ஒரு நாள் கை தூக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

“வேண்டாம்க்கா. அவன் செத்தது எங்க வீட்டு விஷயம். அது என் தகுதி இல்ல.”

“அது இல்லாம வேற எதுடி தகுதி? மார்க்கா?” என்று மைனா சிரித்தாள். “அவனே இருந்திருந்தா எழுதுன்னுதான் சொல்லியிருப்பான்.”

“அவனுக்கு எழுதத் தெரியாதுக்கா,” என்று சொல்லிவிட்டுப் பேச்சி கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து அவளே எழுதினாள். ‘நாங்கள் அனைவரும் நலம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை’ என்று தொடங்கி, மீதியெல்லாம் எறும்பு.

கொக்கு சார் அதைப் படித்த அன்று அம்மையாரின் கண் கோடைக் குட்டை மாதிரி காய்ந்து கிடந்தது. சிரட்டைக்குள் தவறி விழுந்த ஓர் எறும்பு, உடம்பு நனையாமல் ஏறி வெளியே நடந்து போனது.

இருந்தாலும் பேச்சிக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. அடுத்த வருடக் கையேட்டின் அட்டைப் படத்துக்கு இரவில் விழிக்கும் விலங்கு ஒன்று தேவைப்பட்டது. எல்லா விதமான விலங்குகளும் தோளோடு தோள் சேர்ந்து சிரிக்கும் படம் அது. வழக்கமாக அதில் நிற்கும் ஆந்தைகள் எல்லாம் அக்கரைக் காட்டுக்கு மேற்படிப்புக்குப் போய்விட்டன. இரவு விலங்குக்கான நேர்காணலை நண்பகலில், நிழலே இல்லாத மொட்டைப் பாறையில் வைத்தார்கள்.

பாறைக்குக் கீழே மயூரநாதன் என்ற மயில் காத்துக்கொண்டிருந்தான். அந்தப் பாறைக்கு அவன் தாத்தா பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

“நீ எதைப் பத்தி எழுதினே?” என்று கேட்டான்.

“எறும்பு.”

“எறும்பு உன்னை என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. நல்லா இருக்கும்.”

மயூரநாதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “நான் தோகை உதிர்றதை எழுதினேன். வருஷா வருஷம் எல்லாத்தையும் இழந்துட்டு வெறும் முதுகோட நிக்கறேன். படிக்கும்போது எனக்கே தொண்டையை அடைச்சுக்கிட்டு வந்துச்சு.”

“மறுபடி முளைச்சிடுமே?”

“அது கட்டுரையில வராது.” பிறகு என்ன நினைத்தானோ, “கண்ணு கூசுதா? இப்படி வந்து நில்லு,” என்று தோகையை விரித்து நிழல் கொடுத்தான். கெட்ட பிள்ளை இல்லை. அவன் பெயரைக் கூப்பிட்டதும் தோகையை மடக்கிக்கொண்டு மேலே போனான், நிழலும் கூடவே போனது. சற்று நேரத்தில் இன்னொரு சிரட்டை கொண்டுவரச் சொல்லி மேலிருந்து குரல் வந்தது.

அடுத்தது பேச்சி. பாறை மேல் ஏறியதும் வெயில் கண்ணில் ஊசி மாதிரி இறங்கியது. எதிரில் இருப்பது முதலையா பாறையா என்று கூடத் தெரியவில்லை. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் கொட்ட ஆரம்பித்தது.

“அம்மையாரே, பாருங்கள்!” என்று கொக்கு சார் ஒற்றைக் காலிலேயே துள்ளினார்.

“அழாதே மகளே,” என்றார் முதலை.

“அழலீங்கம்மா. வெயிலுங்க. எங்க கண்ணுக்கு வெயில் ஆகாது.”

“என்ன பெருந்தன்மை!” என்றார் கொக்கு சார். “இத்தனை நாளில் தன் துயரத்துக்கு வெயிலைக் காரணம் சொன்னவர் எவருமில்லை.”

“வீட்டில் என்ன நடந்தது? பயப்படாமல் சொல்.”

“எல்லாரும் சௌக்கியங்கம்மா. ஒரு குறையும் இல்ல.”

அவள் குறையில்லை என்று சொல்லச் சொல்லக் குழுவுக்குத் தாங்கவில்லை. கொக்கு சார் சிரட்டையை எடுத்துவந்து பேச்சியின் முகத்துக்குக் கீழேயே பிடித்தார். யாருடைய கண்ணீராக இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கவில்லை.

எப்படியாவது எறும்புக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சி அவசரமாகச் சொன்னாள்: “அமாவாசையா இருந்தாலும் எறும்பு வீட்டுக்குத் திரும்பிடுதுங்கம்மா. அது எப்படின்னுதான்...”

“புரிகிறது மகளே,” என்றார் முதலை, குரலைத் தாழ்த்தி. “வீடு திரும்பாதவர் யாரோ இருக்கிறார்.”

முதலைக்கு ஒன்றும் தெரியாது. எல்லா விண்ணப்பதாரரிடமும் இப்படி ஏதாவது சொல்வது அவர் வழக்கம். ஆனால் அதற்குப் பிறகு வழிந்த நீர் வெயிலுக்கா என்று பேச்சிக்கே தெரியவில்லை. சிரட்டை நிறைந்தது.

இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. எறும்பை ஆராயவும் அனுமதித்தார்கள். தலைப்பை மட்டும் கொஞ்சம் செம்மைப்படுத்தி, ‘வீடு திரும்பும் எறும்புகள்: ஒரு தேவாங்கின் துயரப் பார்வை’ என்று ஆக்கிக் கொடுத்தார்கள். பேச்சி அதற்கும் சரி என்றாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், சொல்லாமல் உள்ளே வந்துவிட்டோம் என்ற நிம்மதி அவளுக்குப் பெரிதாக இருந்தது.

சேர்ந்த வாரம் சாலையோரத்து ஆலமரத்தில் பெரிய பலகை ஒன்று தொங்கியது. அதில் பேச்சியின் முகம், கண் கூசிய முகம். கீழே: “சகோதரனைச் சாலையில் பறிகொடுத்த தேவாங்கு இன்று ஆய்வு மாணவி! அடுத்தது நீங்களாக இருக்கலாம்! அணுகவும்: மைனா ஆலோசனை மையம்.”

பேச்சி மைனாவிடம் ஓடினாள். “அக்கா, நான் அதை எழுதவே இல்லையே!”

“நீ எழுதல,” என்றாள் மைனா. வாசலில் குஞ்சு குட்டிகளோடு கூட்டம் நின்றது, அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. “அதனாலதான் நான் எழுதினேன். அவ்வளவு நல்ல விஷயம், வீணாப் போகலாமா? உனக்குப் பெருமைதானே புள்ள. கொஞ்சம் தள்ளி நில்லு, வழியை மறைக்காதே.”

பேச்சி திரும்பி வரும்போது ஆலமரத்தடியில் அம்மா நின்றிருந்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தை மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு பெருசாப் போட்டிருக்காங்க! கீழே என்னடி எழுதியிருக்கு?”

“என் பேரும்மா,” என்றாள் பேச்சி.

கதையைக் கேட்ட பிறகு ஒரு சந்தேகம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. முதலைக்கு நிஜமாகவே கண்ணீர் வருமா, அல்லது அதுவும் கதைக்காகச் சேர்த்ததா? தேடிப் பார்த்தேன். வரும். முதலை வகைகளில் சிலவற்றுக்கு இரை தின்னும்போது கண்ணில் நீர் வருவதை ஆராய்ச்சியாளர்கள் நேரிலேயே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நீதி: எங்கே போனாலும் உண்மையையே பேசுங்கள், பேசும்போது வெயிலைப் பார்த்து நில்லுங்கள்.