குப்பத்தையே கூட்டிய டிரம்பெட்

ராயபுரம்,
12-3-1948, வெள்ளிக்கிழமை

என் அக்காவைக் கட்டிக்கொண்டும் இன்றுவரை புன்னகை மாறாத பொறுமைசாலி, கோலார் தங்கவயல் மாரியப்ப மச்சான் அவர்களுக்கு, மைத்துனன் கருணாகரன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம், வீட்டுக்காரி குணசுந்தரி கோபம், இரண்டும் வழக்கம்போல. அங்கே தங்கள் மூட்டுவலியும் மங்கை அக்காவின் குரலும் எந்த மட்டில் இருக்கின்றன என்று தெரிவிக்கவும்.

நிற்க. வாங்கிட்டேன் மச்சான், டிரம்பெட்டை வாங்கிட்டேன். அதை மடியிலிருந்து இறக்க மனசில்லாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கணும். ஞாயிற்றுக்கிழமை இங்கே மில் பாண்டு வாத்தியக் கோஷ்டிக்கு ஆள் எடுக்கிறார்கள், சொந்த வாத்தியம் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள், இது போனால் உங்கள் பிள்ளை செல்வம் உங்களைப்போல சுரங்கத்தில்தான் இறங்கணும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (கொஞ்சம் இறங்கியது. குணசுந்தரி தோளுக்கு மேலே எட்டிப் படிக்கிறாள்.) சனிக்கிழமை ரயிலில் அவன் வந்து இறங்குமுன் நல்லதாக ஒன்று பார்த்துவைக்கும் பொறுப்பை, சங்கீதக் காது உள்ளவன் என்று என்னிடம் கொடுத்தீர்கள். பாய்லர் பட்டறையில் சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கணக்கெழுதியதில் இடது காது முழுசாகப் போய்விட்டது, வலது பாதி போய்விட்டது. மிச்சம் இருப்பது சுத்தமான சங்கீதக் காது, கவலை வேண்டாம்.

முதலில் மாதா கோயில் பாண்டு மாஸ்டர் லியோனார்டைப் போய்ப் பார்த்தேன். மாமியார் வந்திருக்கும் நாளில் மட்டும் வீட்டுக்குள்ளே ஊதிப் பழகும் மனுஷன். "கத்துக்குட்டிக்குத் தகரம் போதும், வித்துவானுக்குச் சீமையிலேர்ந்து வரணும். உன் மருமகன் நடுவுல கீறான், நடுத்தரமா ஒண்ணு பாரு" என்றார். எப்படிப் பார்க்கிறதாம்? பொத்தானை அமுக்கி விட்டா தவளை மாதிரி எகிறணுமாம். பக்கத்துக் குழாயை உருவிட்டு அமுக்கினா கோலி சோடா உடைச்சாப்பல 'டப்'புனு கேக்கணுமாம், இல்லேன்னா காத்து கசியுதுன்னு அர்த்தமாம். "அப்பால மெதுவா ஊதிப் பாரு. சத்தமா எந்த டப்பாவும் கத்தும். மெதுவா ஊதறப்போ கொரலு ஆடாம நிக்குதான்னு பாரு" என்று அனுப்பிவைத்தார்.

வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியபோது விட்டுப்போனதெல்லாம் கடலோரத்தில் நம்ம சௌக்கத் அலி பாய் கடையில்தான் கிடக்கிறது. இரண்டு டிரம்பெட் இருந்தன. ஒன்று பழுப்பு, நெளிசல், புளி காணாத கூஜா. இன்னொன்று மச்சான், கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் பளபளா. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம், முடி இருந்தால் வாரியிருப்பேன். பாய் பழுப்பை எடுத்து நீட்டி, "தோஸ்து, இத்த எடு. அது சும்மா ஷோக்கு" என்றார். கடைக்காரர் ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தால் மற்றதைப் பிடிக்கணும் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நியாயமாகச் சோதித்தேன். பழுப்பில் 'டப்' கேட்டதாகப் பாய் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பளபளாவிலும் எனக்குக் கேட்கவில்லை. ஆக, அதில் இரண்டும் சமம். பழுப்பைப் பாயே மெதுவாக ஊதிக் காட்டினார். அவர் சம்சாரம் ஜன்னத் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, "கொயந்த தூங்கிட்ச்சு, இன்னும் கொஞ்சம் ஊதுங்க" என்றார். தூங்க வைக்கிற டிரம்பெட்டை மில் பாண்டில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறது?

பளபளாவை எடுத்துக்கிட்டு மணலுக்கு வந்தேன். மெதுவா ஊதினா எனக்கே கேக்காது, அதனால அந்த சமாசாரத்தை விட்டுட்டு, கண்ணை மூடி அடிவயித்துலேர்ந்து ஊதினேன் பாருங்க, கன்னம் வெடிக்குது, காதுல மிச்சமும் அடைக்குது, கண்ணைத் திறந்தா குப்பமே ஓடி வருது மச்சான். கூடையும் கையுமா பொம்பளைங்க, அவங்க பின்னாடி நாய்ங்க, எல்லாத்துக்கும் முன்னால நம்ம வீட்டுக்கு மீன் போடற கன்னியம்மா. "இன்னா நைனா, வயில நின்னுகினு கீறே, நவுரு"ன்னு என்னை ஒரு தள்ளு தள்ளிட்டுத் தண்ணி வரைக்கும் ஓடிட்டா. சங்கீதம் ஏறினா மனுஷங்களுக்குத் திசை தெரியறதில்லே. பாய் குழந்தை மட்டும் எழுந்திருக்கலை. காது மந்தம் போல, பாவம், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்.

ஒரு ஊதலுக்கு ஒரு குப்பம். இதைச் செல்வம் ஊதினா மில்லே எழுந்து வரும். தாங்களும் அக்காவும் நீண்ட ஆயுளோடும், அதற்கு ஈடான காதுகளோடும் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாத்திய நிபுணன்
கருணாகரன்

பின்குறிப்பு (ஞாயிறு மத்தியானம்): இதைத் தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்று மீன் கொண்டுவந்த கன்னியம்மா சொன்னது: "வலை கரைக்கு வந்தா கெயவன் சங்கு ஊதுவான், நாங்க ஏலத்துக்கு ஓடுவோம். அன்னிக்கு உன் முதுவுக்குப் பின்னாலதான் நின்னு ஊதினான். உன்னுதுல வெறுங்காத்துதான் வந்துச்சு. வூட்டு அடுப்பு ஊதற கொயாயைத் தூக்கினு வந்துட்டேன்னு நெனச்சோம்." செல்வம் வந்து பளபளாவை வாயில் வைத்தான், வைத்த வேகத்தில் எடுத்தான், நேரே பாய் கடைக்குப் போய்ப் பழுப்பை மாற்றிக்கொண்டு வந்தான். இன்று காலை மில்லில் அதை மெதுவாக ஊதினானாம், பாண்டில் அவனை எடுத்துட்டாங்க மச்சான். இனி சுரங்கம் கிடையாது. ஆகவே மேலே 'பழுப்பு' என்று வரும் இடமெல்லாம் 'பளபளா' என்றும், 'பளபளா' என்று வரும் இடமெல்லாம் 'பழுப்பு' என்றும் மாற்றி அக்காவுக்குப் படித்துக் காட்டவும்.