வெரி சேட்டுங்க!

ஊருக்கு ஊர் துக்கம் விசாரிக்கிறவர் ஒருவர் உண்டு. சாவு வீட்டுக்குப் போகிறவரைச் சொல்லவில்லை. எவனுக்காவது தொழிலில் அடி விழுந்தால் முதல் ஆளாக வந்து நிற்பாரே, அவரைச் சொல்கிறேன்.

அடுத்தவன் நஷ்டத்தில் ஊறும் ஆனந்தத்துக்கு ஜெர்மன்காரர்கள் 'ஷாடன்ஃப்ராய்ட' என்று ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நமக்கு வார்த்தை எதற்கு? மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரன் இருக்கிறாரே!

போன வாரம் இன்னொரு பனியன் கம்பெனிக்காரரான திருமூர்த்தியின் டி-ஷர்ட் மொத்தத்தையும், சரக்கு வாங்கும் ஜெர்மன் பையரின் ஆள் சோதித்து, வேண்டாமென்று தள்ளிவிட்டார். உடம்பு ஒரு நீலம், கை இன்னொரு நீலம். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தராவிட்டால் அடுத்த சீசன் ஆர்டரே கிடையாது. மனிதருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வந்தார் மகுடேஸ்வரன். முகத்தில் அளவெடுத்துத் தைத்த சோகம், கையில் நோயாளியைப் பார்க்க வந்த மாதிரி ஒரு பை ஆப்பிள், உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு. கால் மட்டும் குஷியாக ஆடிக்கொண்டிருந்தது.

"வெரி சேட்டுங்க திருமூர்த்தி! எப்படீங்க ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னார். போதவில்லை. மறுபடி சொல்ல வைத்தார். பிறகு ஒரு டி-ஷர்ட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடடடா! மெயின் ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியுதுங்களே! ஒண்ணு எடுத்துக்கறனுங்க, எங்க ஆளுகளுக்குக் காட்டோணும்."

அவர் ஆபீஸ் அலமாரியில் இப்படிப் பதினேழு கம்பெனிகளின் சரக்கு மடித்து வைத்திருக்கிறது, சத்தியமாக.

"உங்க துணியும் அதே சாயப்பட்டறைதானுங்களே?" என்றார் திருமூர்த்தி.

"நாங்க ரோல் ரோலாப் பாத்துத்தானுங்க வாங்குவோம்."

மகுடேஸ்வரனின் ஃபோன் அடித்தது. வழக்கம்போல் ஊருக்கே கேட்க ஸ்பீக்கரில் போட்டார். அவர் கம்பெனி சூப்பர்வைசர் நாகஜோதி.

"ஐயா, நம்ம பீஸுலயும் கை வேற கலருங்க! நாளைக்கு ஏத்தற சரக்கு பூராமுங்க!"

ஆடிய கால் நின்றது. திருமூர்த்தி இரண்டு நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓர் ஆப்பிளை எடுத்து, வேட்டியில் துடைத்து, நறுக்கென்று கடித்தார்.

"வெரி சேட்டுங்க," என்றார். "எப்படீங்க ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்க."

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அங்கேதான் இருந்தேன். சும்மா விசாரிக்கப் போயிருந்தேன், தப்பாக நினைக்காதீர்கள். அது கிடக்கட்டும், அந்த ஃபோன் வந்த இடத்தைப் படித்தபோது உங்கள் வாய் காது வரைக்கும் போனதே, அது எதற்காம்?