வெள்ளரிக்காய் செய்த பாவம்

சைக்கிள் கடை மாடியில் கூட்டம் பிதுங்கியது. பாவமானிச் சாமியார் வந்திருந்தார். காய்ச்சலுக்கு ஒரு மானி இருக்கும்போது பாவத்துக்கு ஒன்று வேண்டாமா? உள்ளங்கையில் ஒரு சிட்டிகைப் பொடி பூசுவார். பொன்னிறத் தீர்த்தத்தில் கையை முக்க வேண்டும். பாவியென்றால் தண்ணீர் கன்னங்கரேலென்று கறுக்கும். காணிக்கை விழுந்ததும் 'அமுதநீர்' ஊற்றுவார், கறுப்பு ஓடிவிடும். அடேயப்பா, எவ்வளவு மரியாதை தெரிந்த பாவம்!

வரிசையில் வேதியியல் டீச்சரும் நின்றாள். வருங்கால மாமியார் இழுத்து வந்திருந்தார். கறுத்தால் கல்யாணம் கிடையாதாம். பின்னால் நின்ற மாப்பிள்ளையை டீச்சர் உயிராக நேசித்தாள். அவன் செல்போனை நேசித்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் கவனித்தாள். மோதிரம் போட்ட காசுள்ள கைக்கு வலது டப்பாப் பொடி, தண்ணீர் கறுத்தது; வெறுங்கைக்கு இடது டப்பா, கறுக்கவேயில்லை. அவள் விரலில் நிச்சயதார்த்த மோதிரம் மின்னியது. வலது டப்பா திறந்தது, தண்ணீர் கறுத்தது.

"ஐயையோ, குடும்பம் நாசமாயிருக்குமே!" என்று மாமியார் அலறினார்.

டீச்சர் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள்.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து அம்மாளின் காய்கறிப் பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, வலது டப்பாவில் புரட்டி, புதுக் கிண்ணத் தீர்த்தத்தில் முக்கினாள். கன்னங்கரேல்!

"சாமி, இந்த வெள்ளரிக்காய் யார் குடியைக் கெடுத்துச்சு?"

"அது... பூர்வஜென்மத்துல..." சாமியார் டப்பாவை மூடப் பார்த்தார்.

அதே பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்தாள். கறுப்பு காணாமல் போனது.

"பொடியில இருக்கறது இரும்பு உப்பு. தீர்த்தம் வெறும் டீத்தண்ணி. டீயில இருக்கற துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடிச்சா கறுக்கும். எலுமிச்சைப் புளிப்பும் இரும்பைப் பிடிக்கும், ஆனா கறுக்காது. புளிப்பை நிறைய ஊத்தினா, துவர்ப்புகிட்ட இருந்து இரும்பைப் பிடுங்கிக்கும். இதுதாங்க அமுதநீர்!"

சாமியார் டப்பாக்களை விட்டுவிட்டு மாடிப்படியில் உருண்டு ஓடினார். காணிக்கை போட்டவர்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

மாமியார் நெளிந்தார். "போனது போகட்டும்மா. கல்யாணத்தை நடத்திடலாம்."

"வேண்டாம் அத்தை." டீச்சர் மோதிரத்தைக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் வைத்தாள். "தண்ணியில இரும்பு இருக்கான்னு பார்க்க டீத்தண்ணி போதும். உங்களுக்கு சொந்த மூளை இருக்கான்னு பார்க்கத்தான் வழி தெரியாம இருந்தேன். அதையும் சாமியே காட்டிட்டார். இனியாவது யோசிங்க. யோசிக்கறதுக்கு யாரும் காணிக்கை கேக்கமாட்டாங்க!"