மரு. கூர்மதி

ஒரு காட்டில், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிட்டுப் போகிற காட்டில், மருதையன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தார். அவருக்கு ஒரே மகள், கூர்மதி. அவள் பிறந்த அன்றே, "உடம்பு பூரா ஊசியோட பிறந்திருக்கா, இவ டாக்டர்தான்" என்று சொல்லிவிட்டார். முள்ளம்பன்றிக் குட்டிகள் எல்லாமே அப்படித்தான் பிறக்கும். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கிட்டே போனால் குத்திவிடுவார்.

கூர்மதிக்கு வேறு ஆசை. ஒரு மழைக்காலத்தில் அவள் அம்மா காட்டு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாள். கரடி டாக்டர் வருவார், கட்டிலில் தொங்குகிற அட்டையைப் பார்ப்பார், 'ம்' என்பார், போய்விடுவார். கஞ்சி புகட்டியதும், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்ததும் கொக்கு நர்ஸ்தான். ஒரு முள்ளம்பன்றியைப் புரட்டிப் படுக்கவைப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? கொக்கின் இறகெல்லாம் கிழிந்தது, ஆனால் முகம் சுளிக்கவில்லை. அம்மா பிழைத்து வீடு வந்தாள். படித்தால் நர்சிங்தான் என்று கூர்மதி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். மருதையனும் அதே வார்டில்தான் இருந்தார். அவர் கண்ணில் பட்டதோ, கரடி உள்ளே வந்ததும் நோயாளிகள் உட்பட எல்லாரும் எழுந்து நின்றதுதான்.

அப்பாவுக்காக நுழைவுத் தேர்வு எழுதினாள். மார்க் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்று சொல்லலாம். மருதையன் மகளை இழுத்துக்கொண்டு நரியின் மேல்படிப்பு ஆலோசனை மையத்துக்குப் போனார். நரி கண்ணாடி போட்டிருந்தது. அதற்குப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை.

நரி ஒவ்வொரு படிப்பாக எடுத்து வைத்தது. மருதையன் என்ன பாடம் என்று கேட்கவில்லை, எத்தனை வருஷம் என்று கேட்கவில்லை. பேருக்கு முன்னாடி டாக்டர் என்று போடலாமா என்று மட்டும் கேட்டார். பார்மசிக்கு நரி உதட்டைப் பிதுக்கியது. லேப் படிப்புக்குக் கையை விரித்தது. பிசியோதெரபிக்கு, அதில் கொஞ்சம் தகராறு இருக்கிறது என்றது. ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் டாக்டருக்கே படிக்கலாம், ஆனால் திரும்பி வந்து இன்னொரு பரீட்சை எழுத வேண்டும் என்றது. கடைசியாக, எருமைகளின் வரலாற்றை ஆராய்ச்சி செய்தாலும் டாக்டர்தான் என்றது. மருதையன் முகம் மலர்ந்தது. அதில் ஊசி போடலாமா என்று கேட்டார். எருமைக்குக்கூடப் போட முடியாது என்று தெரிந்ததும் வாடிவிட்டார்.

கூர்மதி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் நர்சிங் படிக்கிறேன்ப்பா."

மருதையன் நரியைப் பார்த்தார். "அதுல போடலாமா?"

"ஊசி போடலாம்," என்றது நரி. "டாக்டர்னு போட முடியாது."

மருதையனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பேசாமல் அடுத்த வருஷமும் தேர்வு எழுதட்டும், அதற்கடுத்த வருஷமும் எழுதட்டும் என்று எழுந்துவிட்டார். வந்த கிராக்கி கைநழுவிப் போவது நரிக்குப் பொறுக்கவில்லை. பேச்சை வளர்ப்பதற்காக, பெண்ணுக்கு இனிஷியல் என்ன என்று கேட்டது. மருதையன் மகளுக்கு வேறு என்ன இருக்கும், 'ம.' தான்.

நரி கண்ணாடியைக் கழற்றியது. அந்தக் காட்டின் சிங்க ராஜா தமிழ்ப்பற்று மிகுந்தவர். டாக்டர்கள் இனிமேல் மருத்துவர்கள், பெயருக்கு முன்னால் சுருக்கமாக 'மரு.' என்றுதான் எழுத வேண்டும் என்று அப்போதுதான் ஆணை போட்டிருந்தார்.

"இனிஷியல் ஒரே எழுத்தாத்தான் இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே சார்," என்றது நரி. "மரு-ன்னு ரெண்டெழுத்தா வெச்சுக்குங்களேன்."

மருதையனுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கு இந்தப் பெயரை வைத்த தகப்பனாரை நினைத்து மேலே பார்த்துக் கும்பிட்டார்.

"அப்பா, இது பொய் இல்லையா?" என்றாள் கூர்மதி.

"அப்பன் பேரு எப்படிம்மா பொய்யாகும்?"

நர்சிங் கிடைக்கிறதே என்று தலையாட்டிவிட்டாள்.

ஆசையோடு படித்தாள், நன்றாகவே படித்தாள். முடித்துவிட்டு வீடு திரும்பியபோது வளை வாசலில் பளபளவென்று போர்டு தொங்கியது: மரு. கூர்மதி.

முதலில் வந்தது ஒரு தேரை. அதற்கு உடம்பெல்லாம் மரு. போர்டைப் பார்த்துவிட்டு, இங்கே மரு எடுப்பீர்களா என்று கேட்டது. மருதையன் அதை விரட்டப் போனார். கூர்மதி தடுத்து, தான் நர்ஸ் என்றும், கரடி டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாள். பிறகு வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். மரு என்பது அப்பா பேரு என்றாள். ஒருவரும் நம்பவில்லை. சளிப்பிடித்து வந்த சிங்க ராஜாவோ, "இவ்வளவு பெரிய டாக்டருக்கு இவ்வளவு அடக்கமா!" என்று நெகிழ்ந்து எழுந்து நின்றுவிட்டார். மருதையனுக்குப் பிறவிப்பயன் கிடைத்துவிட்டது.

நரி சும்மா இருக்குமா? விஷயம் பரவியது. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த குட்டிகள் புத்தகத்தை மூடின. அப்பாக்கள் பெயர் மாற்ற வரிசையில் நின்றார்கள். முயல் மருதப்பன் ஆனது, மான் மருதாசலம் ஆனது, காட்டுப்பன்றி மருக்கொழுந்து ஆனது. ஒரு பொந்து பாக்கியில்லாமல் 'மரு.' தொங்கியது. அதில் கரடியின் போர்டு எது என்று யாருக்கும் தெரியவில்லை. கால் முறிந்த ஒரு குரங்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். கரடியைக் கண்டுபிடிப்பதற்குள் கால் கோணலாகவே கூடிவிட்டது.

அந்தக் காலைப் பார்த்த பிறகு கூர்மதிக்கு மனசு ஆறவில்லை. போர்டில் 'ரு' மேல் சுண்ணாம்பைப் பூசினாள். 'ம. கூர்மதி, நர்ஸ்' என்று எழுதினாள்.

"என் பேரையே அழிச்சுட்டியேம்மா," என்று மருதையன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. கடைசியில் வந்தது அந்தத் தேரைதான். உடம்பில் அதே மரு. போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தது.

"காடு பூரா தேடிட்டேம்மா. எல்லா வாசல்லயும் மரு இருக்கு. உங்க போர்டுல மட்டும்தான் சுத்தமா எடுத்திருக்கு. அதான், எடுக்கத் தெரிஞ்சவங்க நீங்கதான்னு திரும்பி வந்தேன்."

கூர்மதி சிரித்துவிட்டாள். தேரையைக் கைப்பிடித்துக் கரடி டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். அவர் இருக்கிற இடம் காட்டில் அவள் ஒருத்திக்குத்தான் நினைவிருந்தது.

நீதி: பிள்ளையை டாக்டராக்க ஆசைப்படுகிறவர்கள் நல்ல காலேஜைத் தேடி அலைய வேண்டாம். பிள்ளை பிறப்பதற்கு முன்பே தங்களுக்கு ஒரு நல்ல பெயராகப் பார்த்து வைத்துக்கொள்ளவும்.